இரண்டு அண்ணாச்சிமாருக்கு நடுவில் ஒரு மேசை

1

நான் மலாயாவுக்கு வந்து ஐந்து வருஷம் நிறைந்த அன்று, ஏதாவது ஒரு பெரிய காரியம் செய்தே ஆக வேண்டும் என்று விடியும்போதே தீர்மானித்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு ஐந்து வருஷம் ஒரு கணக்காகவே தோன்றாமலிருக்கலாம். ஆனால் இராஜாக்கமங்கலத்தில் உப்பு வண்டி ஓட்டுகிறவருடைய மகன், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சைத் தேய்த்தவன், ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் மூன்றாம் கிராணியாக இத்தனை காலம் நிலைத்துவிட்டான் என்றால் அது அவனுக்குப் பெரிய விஷயம்தான். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. நாலாம் கிராணி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வெளியூர் உபதேசியார் ஒருவர் வந்து பிரசங்கம் செய்தார். "வயசு முதிர்ந்து சாய்வு நாற்காலியில் சாயும்போது எதை நினைத்து வருந்துவாய்? அதை இன்றைக்கே கேள். இன்றைக்கே திருத்து" என்றார். சபையில் பாதிப் பேர் தூங்கினார்கள். எனக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது. எனக்கு வயது இருபத்தாறு. சாய்வு நாற்காலியும் கிடையாது. ஆகவே, ஏற்கெனவே வயசானவர்களிடம் போய் அவர்களுடைய வருத்தங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றையெல்லாம் நான் முன்கூட்டியே தவிர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். வேறு யாருக்கும் இந்த யோசனை தோன்றாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலில் தோட்டத்து வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மீரான் காக்காவிடம் போனேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"காக்கா, இவ்வளவு காலத்துல ஒங்களுக்கு ரொம்ப வருத்தம் எதுல?"

"காலத்தே கட தொறக்கும்ப இப்பிடிக் கேக்கவன உள்ள விட்டனே, அதுலதான்" என்றார்.

அப்பாவுக்கும் எழுதிக் கேட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரர் வாசித்துக் காட்டி, பதிலையும் அவரே எழுதியிருந்தார். "உன் காகிதம் கேட்டதிலிருந்து உன் அம்மைக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று மறைக்காமல் எழுதவும். நல்லெண்ணெய் தேய்த்து முழுகவும். காரம் கூடாது." முழுகினேன். கேள்வி போகவில்லை.

மிச்சம் இருந்தவர்கள் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு அண்ணாச்சிமார்தான். அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

2

பெரிய கிராணி சிவதாணு பிள்ளை. சின்னக் கிராணி ஆறுமுகம் பிள்ளை. பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் மேசை ஜன்னல் ஓரம். தம்பி மேசை அலமாரி ஓரம். நடுவில் என் மேசை. இருவரும் பேசிக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் இதை 'மிண்ட மாட்டார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவோம். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆபீஸ் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் நான்.

"தாசையா, அந்தச் சன்னலச் சாத்தட்டான்னு கேளு" என்பார் அண்ணன்.

"மக்கா, காத்து வேணும்னு சொல்லு" என்பார் தம்பி.

இருவருக்கும் இடையே இருக்கும் தூரத்தில் ஒரு கட்டில் போட்டால் கால் இடிக்கும். ஒருவர் மூச்சுவிடுவது மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் நான் சொல்லும்வரை எந்த வார்த்தையும் சொல்லப்பட்டதாக ஆகாது. இது இங்கே சட்டம். ஒருநாள் "சன்னலச் சாத்தினா அந்த மனுசனுக்குப் புத்தியும் அவிஞ்சு போவும்னு சொல்லு" என்று தம்பி சொன்னதை நான் கொஞ்சம் பதம் பண்ணி, "காத்து நல்லதாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் அப்பிடியா டே சொன்னான்?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ செரியாட்டு சொல்லு. எனக்குப் பதில் சொல்லணும்லா."

சரியாகச் சொன்னேன். பதிலும் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய கிராணிக்கு மழைக்காலத்தில் தும்மல் அதிகம். அவர் தும்மினால் உடனே அலமாரி ஓரத்திலிருந்து என் முதுகில் பென்சில் குத்தும். "மக்கா, நூறுன்னு சொல்லு." நான் "நூறு அண்ணாச்சி" என்பேன். அடுத்த தும்மல், அடுத்த குத்து. சின்னப் பிள்ளைகள் தும்மும்போது ஆயுசுக்காக அம்மைமார் சொல்லும் நூறு அது. ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு, ரப்பர்க் கணக்குக்கு நடுவே, நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது தம்பிதான் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். சுவரைப் பார்த்து, "கஞ்சி ஆறிப் போவும்" என்று சொல்லிவிட்டு வருவாராம். சுவர் குடித்திருக்காது அல்லவா? அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்களிடம் போய்த்தான் வருத்தம் கேட்டேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது டே" என்றார் பெரிய கிராணி. "அவன்கிட்ட கேளு. அவனுக்கு நெறைய இருக்கணும்."

"எனக்கும் ஒண்ணும் இல்லேன்னு சொல்லு மக்கா" என்றார் சின்னக் கிராணி. சொன்னபோது அவர் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தார். அலமாரியில் எடுக்க ஒன்றும் இல்லை.

3

சண்டைக்குக் காரணம் அடைப் பிரதமன்.

சிவதாணு பிள்ளையின் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. பெண்வீட்டார் எல்லோரும் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். விளம்பும் பொறுப்பு தம்பிக்கு. எங்கள் பக்கத்துப் பந்தி எப்படி என்று உங்களுக்கே தெரியும். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று ஓடி, அதற்குப் பிறகு பாயசம், ஒன்றுக்கு இரண்டாக. கடைசியில்தான் மோர். மோர் வந்துவிட்டால் "எழுந்திருங்கள்" என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

முதல் பாயசம் ஆயிற்று. அடுத்தது பிரதமன். அப்போது பந்தியின் தலைமாட்டில் நின்ற புதுமாப்பிள்ளை தம்பியைப் பார்த்துக் கையை வீசினார். தம்பி உள்ளே ஓடி மோரை எடுத்துவந்து முதல் இலையிலேயே ஊற்றினார். அந்த இலை பெண்ணின் தாய்மாமனுடையது.

தாய்மாமன் மோரைப் பார்த்தார். அண்டாவில் ஆவி பறக்கும் பிரதமனையும் பார்த்தார். இலையை மடக்கினார். அவர் எழுந்ததும் அந்த வரிசையே எழுந்தது.

"அவன் வேணும்னே செய்தான்" என்பது அண்ணன் கட்சி. "மோரக் கொண்டான்னு அவருதான் கையக் காட்டினாரு" என்பது தம்பி கட்சி. அண்ணன் கையைக் காட்டவில்லை, மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டினார் என்பது பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன செய்ய? அதற்குள் இரண்டு பேரும் மிண்டுவதை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்திய பிறகு முதலில் யார் வாயைத் திறப்பது என்பதுதான் சண்டை. ஈ பறந்து எப்போதோ போய்விட்டது.

தம்பி கோபத்தில் கப்பலேறி இங்கே வந்தார். மூன்று வருஷம் கழித்து அண்ணனுக்கு ஊரில் நெருக்கடி வந்தபோது, துரையிடம் பேசி அவரை இதே தோட்டத்துக்கு வரவழைத்தவரும் தம்பிதான். அண்ணன் படிப்பு கூடுதலாகப் படித்தவர் என்பதால் பெரிய கிராணி ஆனார். மிண்டாவிட்டால் என்ன, அண்ணன் பட்டினி கிடக்கலாமா?

4

சின்னக் கிராணியின் மனைவி பகவதியக்காள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மகள் கோமதிக்குப் பத்து வயது. வாயைத் திறந்தால் பாதி மலாய். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பாள். பெரிய கிராணிக்கு அது பொறுக்காது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகக் கிடக்கிறவர் அல்லவா, மாலையில் அவளைக் கூப்பிட்டு வைத்து, "நாக்க மடக்குட்டி. ழ. வாழ. ழ" என்று பாடுபடுவார். "பெரியப்பா, நாக்கு வலிக்கி" என்று அவள் ஓடிவிடுவாள்.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "மாமா, நம்ம ஊர்ல அண்ணன் தம்பி பேசக்கூடாதா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"பாத்தாத் தெரியுதே. செருப்புப் போட்டுட்டு உள்ள வரக் கூடாதுல்ல, அதுமாதிரி."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் தப்பு. அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் கோமதியும் அவள் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஊர் முறைப்படி நடந்துகொள்வது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். சோற்றுக்கு உட்கார்ந்தால், "அம்மா, அவன உப்பு எடுத்துத் தரச் சொல்லு" என்பாள் இவள். "அம்மா, அவளையே எடுத்துக்கச் சொல்லு" என்பான் அவன்.

பகவதியக்காள் மூன்றாம் நாள் அகப்பையை எடுத்தார். "ஊர் மொறையா? இப்பக் காட்டுதேன் ஊர் மொறைய!" இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று விழுந்தது. உடனே பேச்சு வந்துவிட்டது.

அகப்பை அடி வாங்காத சின்னக் கிராணிதான் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் ஆபீஸில் என்னிடம், "மக்கா, அந்த மனுசன்கிட்ட..." என்று ஆரம்பித்தார். நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அண்ணனும் தலையைத் தூக்காமல் காத்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல. சன்னல் தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

5

அடுத்த மாதம் பெரிய கிராணிக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. ஊருக்கே போய்விடுவது என்று முடிவு. இனித் திரும்பி வரமாட்டார். சின்னக் கிராணிக்கோ வீடு, மனைவி, மக்கள் எல்லாம் இங்கே; அவர் ஊருக்குப் போகப்போவதில்லை. கப்பல் நகர்ந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் இவர்கள் பேசுவதற்கு வழி இல்லை. உபதேசியார் சொன்ன சாய்வு நாற்காலி இரண்டு என் கண் முன்னால் ஆடின. ஒன்று பூதப்பாண்டியில், ஒன்று மலாயாவில், நடுவில் கடல். அங்கே போய் நான் மேசை போட முடியாது.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். தொண்டைக்கட்டு என்று சொல்லி ஒருநாள் விடுப்பு எடுத்தேன். நடுவில் நான் இல்லாவிட்டால் நேராகப் பேசித்தானே தீர வேண்டும்?

மறுநாள் போய் ஆபீஸ் பியூனிடம் ஆவலாக விசாரித்தேன். "பேசினாங்களா?"

"நாள் முழுக்கப் பேசினாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என்ன பேசினாங்க?"

"ஒங்க நாற்காலிகிட்டப் பேசினாங்க. அவரு, 'நாற்காலி, அந்த ரசீது எங்கன்னு கேளு' ம்பாரு. இவரு, 'நாற்காலி, எடது கைப்பக்கம் இருக்குன்னு சொல்லு' ம்பாரு. வேல சீக்கிரமா முடிஞ்சிட்டு."

நான் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் படித்தவன். என் வேலையை ஒரு நாற்காலி என்னைவிடச் சுறுக்காகச் செய்திருக்கிறது.

6

பிரயாணக் காகிதம் வாங்கப் போனபோது புதுச் சிக்கல் கிளம்பியது. பெரிய கிராணி வரும்போது கொண்டுவந்த பழைய காகிதத்தில் 'திருவிதாங்கூர்' என்று இருந்தது. அந்த ராஜ்யம் இப்போது கொச்சியோடு சேர்ந்து வேறு பேரில் இருக்கிறது. "இல்லாத ஊருக்கு எப்படிப் போவீர்?" என்று கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. இங்கே அவசரகாலச் சட்டம் வந்தபோது எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அப்போது எழுதிய ஆள், பெரிய கிராணியின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தகப்பனார் பேரை எழுதிவைத்துவிட்டான். ஆக, அட்டைப்படி அவர் தமக்குத் தாமே தகப்பன். அந்தத் தகப்பன் செத்து வெகுகாலம் ஆகிறது.

இரத்த சம்பந்தமுள்ள ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். மலாயா முழுவதிலும் சாட்சி சொல்லும் வயதில் அவருக்கு இரத்த சம்பந்தம் ஒரே ஒருவர்தான். மூன்று பேரும் பட்டணத்துக்குப் போனோம்.

அதிகாரி நடுவயது மலாய்க்காரர், சாந்தமான முகம். மூவரும் மலாயில் பேசினோம். துவான் என்றால் இங்கே ஐயா.

"இவர் உன் அண்ணனா?"

"ஆமாம் துவான்" என்றார் சின்னக் கிராணி.

"காகிதத்தில் வலது முட்டியில் தழும்பு என்று இருக்கிறது. காட்டச் சொல்."

சின்னக் கிராணி என் பக்கம் திரும்பித் தமிழில், "மக்கா, வேட்டியக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு" என்றார்.

நான் பெரிய கிராணியிடம், "அண்ணாச்சி, வேட்டியக் கொஞ்சம் ஏத்தணுமாம்" என்றேன். அவர் ஏற்றினார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீ யார்?"

"மூன்றாம் கிராணி, துவான்."

"இவர்களுக்கு நடுவில் நீ எதற்கு? ஒருவர் ஊமையா?"

"இல்லை துவான். இருபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை."

"அண்ணன் தம்பி. ஆனால் பேச மாட்டார்கள். சொல்லவேண்டியதை நீ சொல்லிக்கொடுப்பாய்." ஆள்மாறாட்டம் பிடித்துப் பழகிய கண்களால் எங்கள் மூவரையும் பார்த்தார். "நீ வெளியே போ."

வெளியே வந்தேன். அது பாதிக்கதவு. கீழே மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன, பேச்சும் கேட்டது. காகிதம் கிடைக்காவிட்டால் கப்பல் போய்விடும். காகிதம் கிடைத்துவிட்டாலோ இவர்கள் இப்படியே பிரிந்துவிடுவார்கள். எதற்காக ஜெபிப்பது என்று தெரியாமல் பொதுவாக ஜெபித்தேன்.

உள்ளே அதிகாரி அண்ணனிடம் கேட்டார். "அந்தத் தழும்பு எப்படி வந்தது?"

"சின்ன வயதில் ஒரு பையன் கல்லால் எறிந்தான். கிட்டு என்று பேர். சித்தப்பா மகன்."

"சரியா?" இது தம்பியிடம்.

தம்பியின் ஒரு கால் மற்றொரு காலைச் சொறிந்தது.

"சரியா, இல்லையா?"

"இல்லை துவான்."

"அப்படியானால் இவர் உன் அண்ணன் இல்லை."

"அண்ணன்தான் துவான்! எறிந்தது கிட்டு இல்லை. நான்."

மூன்று ஜோடிக் கால்களில் ஒரு ஜோடி மெல்ல இன்னொரு ஜோடியின் பக்கம் திரும்பியது.

"என்னலே சொன்ன?"

இருபது வருஷத்தில் முதல் பேச்சு அது.

"நான்தான் அண்ணே எறிஞ்சேன். அணிலுக்கு எறிஞ்சது."

"கிட்டு எறிஞ்சான்னு நீதானலே சொன்ன?"

"சொன்னேன். நீ நம்பின. அதுக்கு நான் என்ன செய்ய?"

"சவத்துப் பயலே, அவன்கூட நாப்பது வருசமா மிண்டாம இருக்கேன்! அவன் மகளுக்கக் கல்யாணத்துக்குப் போவல்ல. அவன் அப்பன் செத்ததுக்கு வாசல்ல நிண்ணு பாத்துட்டுத் திரும்பி வந்தேன்!"

"கிட்டு எங்கிட்டக் கேக்கத்தான் செய்தான், சிவதாணு ஏம்டே எங்கிட்ட மிண்டமாட்டேங்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"அது அவனுக்கக் கொணம்னு சொன்னேன்."

ஒரு நாற்காலி விழுந்தது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். இருவரும் முகத்துக்கு முகம் நின்று ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். "தாசையா, நீ வெளிய நில்லு!" என்றார்கள், அதையும் ஒரே நேரத்தில்.

அதிகாரிக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அவர் முத்திரையை எடுத்துக் காகிதத்தில் ஓங்கிக் குத்தினார்.

"அண்ணன் தம்பிதான்" என்றார் என்னிடம். "காசு வாங்கிக்கொண்டு வந்த சாட்சி இப்படிச் சண்டை போடமாட்டான். எனக்கும் வீட்டில் ஒருத்தன் இருக்கிறான்."

7

திரும்பி வந்த பஸ்ஸில் இரண்டு இடம்தான் காலி. இரண்டிலும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊருல எறங்கினதும் மொதல்ல கிட்டு வீட்டுக்குத்தான் போவேன்" என்றார் அண்ணன்.

"போயி?"

"நீ எறிஞ்சேன்னு சொல்லுவேன்."

"சொல்லாத அண்ணே. அப்பொறம் அவன் எங்கிட்ட மிண்ட மாட்டான்."

"மிண்டாண்டாம். கொஞ்ச காலம் இருந்து பாரு, அது எப்பிடின்னு தெரியும்."

"நீ கப்பல்ல போறதுக்கு முந்தி நான் கிட்டுவுக்குத் தந்தி அடிச்சிருவேன்."

"அடிச்சுத்தான் பாரேன்."

ரப்பர்ப் பால்மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. சின்ன வயதில் குளத்தில் விழுந்தது யார், மாட்டை அவிழ்த்துவிட்டது யார், அம்மைக்கு யாரைப் பிடிக்கும் என்று அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். யாருக்கும் என் தயவு தேவைப்படவில்லை. உபதேசியாரின் கேள்வியை நான் ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இவர்கள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பின்னால் வருந்தாமலிருக்க இது போதுமா என்று எனக்குத் தெரியாது. கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இவர்கள் போகிற வேகத்துக்கு அது போதாது என்று மட்டும் தெரிந்தது.

"தாசையா!" என்று பெரிய கிராணி கூப்பிட்டார்.

பழக்க தோஷத்தில் பாய்ந்து போய்க் குனிந்தேன். "என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். கால் வலிச்சா இங்க இரி. இவன் எந்திரிப்பான்."

"நான் எதுக்கு எந்திரிக்கணும்?" என்றார் தம்பி. "நீ எந்திரி."

"வயசுக்கு மூத்தவன் நான் எந்திரிக்கணுமாலே?"

"அப்போ அண்ணன்னு சொல்லிச் சாட்சிக்கு வந்தவன் எந்திரிக்கணுமா?"

தோட்டத்து வாசல் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.